எதிராளி இல்லை என்றால் பெண் பிள்ளையை ஆண் பிள்ளையோடு மோத விடலாமா?

ஹட்டன் பக்கம் நடந்த ஒரு ஜூடோ போட்டி. வெளியே மழை விடவே இல்லை. மண்டபத்துக்குள் மெத்தையெல்லாம் ஈரம் இழுத்துப்போய்க் கிடந்தது. நான் ஓரத்தில் ஐஸ் பெட்டியும் பாண்டேஜும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிசியோதெரபிஸ்ட் என்பதால் லீவு நாட்களில் இப்படிக் கூப்பிடுவார்கள், நானும் போவேன்.

பெண்கள் 52 கிலோ பிரிவில் ஒரே ஒரு பிள்ளைதான் பெயர் கொடுத்திருந்தாள். பதினைந்து வயது. விடிய முன்னமே தேயிலைத் தோட்டத்திலிருந்து புறப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்தவள். மோத ஆள் இல்லை. நடத்தியவர்கள் கூடிப் பேசினார்கள். "இவ்வளவு தூரம் வந்த பிள்ளைய சும்மா அனுப்பினா மனசு உடைஞ்சிடும். அதே எடையில ஒரு பையன் இருக்கான், விட்டுப் பார்ப்போம்" என்றார்கள். அவளைக் கேட்டார்கள். "முடியும் சேர்" என்றாள். அந்த இடத்தில் நான் எழுந்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

முதல் நிமிடம் நன்றாகத்தான் ஆடினாள். கால் வைக்கும் விதத்தில் அவள் அந்தப் பையனைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அவன் வலது கையால் கழுத்துப்பட்டியையும் இடது கையால் முழங்கைக்குக் கீழே சட்டைக் கையையும் பிடித்த பிறகு, அந்தப் பிடியை அவளால் உடைக்க முடியவில்லை. இரண்டு தடவை உதறினாள். மூன்றாம் தடவை உடம்பை முழுதாகத் திருப்பி உதறினாள். அதே நேரம் அவன் எறிய இழுத்தான். ஈர மெத்தையில் அவள் பாதம் ஒட்டி நின்றது, உடம்பு திரும்பியது, முழங்கால் நடுவில் மாட்டிக்கொண்டது. 'டொப்' என்ற சத்தம் நான் இருந்த இடத்துக்கே கேட்டது. அவள் பக்கத்தில் முதலில் மண்டியிட்டவன் அந்தப் பையன்தான்.

முழங்காலுக்குள் இருக்கிற ஏசிஎல் என்கிற தசைநார் அறுந்திருந்தது. ஸ்கேனுக்குக் கண்டி, அப்புறம் சத்திரசிகிச்சை, அப்புறம் என்னிடம் மாதக்கணக்கில் பயிற்சி. ஒவ்வொரு கிளினிக் நாளும் அவள் அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது.

பெண்ணோடு பெண் மோதினாலும் முழங்கால் போகும்தானே என்று கேட்கலாம். போகும். ஒரே விளையாட்டை ஆணும் பெண்ணும் ஆடினால், இந்தத் தசைநார் பெண்களுக்குத்தான் அதிகம் அறுகிறது. அதனால்தான் ஆபத்தை இன்னும் கூட்டாதீர்கள் என்கிறேன்.

எடை ஒன்று என்றால் பலமும் ஒன்று என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. பத்து வயது வரைக்கும் பையனுக்கும் பெண் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதினொன்று, பன்னிரண்டில் பெண் பிள்ளைகள் உயரமாகக்கூட நிற்பார்கள். அந்த வயதில் எடை பார்த்துச் சேர்த்து ஆட விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பருவம் வந்த பிறகு கதை மாறுகிறது. வளர்ந்த ஆணின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் பெண்ணுக்கு இருப்பதைப் போல் சுமார் 15 மடங்கு. அது தசையைக் கூட்டும், எலும்பைத் தடிப்பாக்கும். சராசரியாகப் பார்த்தால் பெண்ணின் கால் பலம் ஆணின் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கை, தோள் பலம் பாதியைச் சற்றுத் தாண்டும். எடை சமமாக இருந்தால் இடைவெளி குறையும், ஆனால் மறையாது. ஜூடோவும் மல்யுத்தமும் பிடியில்தான் தொடங்குகின்றன. இடைவெளி எங்கே அதிகமோ அங்கேயே போட்டி.

"எங்கட தோட்டத்துப் பொம்பளைகளுக்கா பலம் இல்ல?" என்று ஒரு தகப்பன் என்னிடம் கோபமாகக் கேட்டார். இருக்கிறது ஐயா. கொழுந்துப் பாரத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் சரிவு இறங்குகிற உங்கள் மனைவியின் கழுத்தும் காலும் எவ்வளவு உறுதி என்று அவரைத் தொட்டு வைத்தியம் பார்க்கிற எனக்குத் தெரியும். அது நாள் முழுக்கத் தாங்குகிற பலம். ஒரு நொடியில் வெடித்து இழுக்கிற பலம் வேறு.

நுட்பம் தெரிந்தால் பலசாலியை வீழ்த்தலாம் என்பதும் உண்மைதான். நுட்பம் தெரியாத பலசாலியை வீழ்த்தலாம். போட்டிக்கு வருகிற பையனும் அதே கோச்சிடம் அதே நுட்பத்தைப் படித்தவன்.

ஆண்களை வென்ற பெண்களும் இருந்தார்கள். இந்தியாவில் ஹமீதா பானு 1940களிலும் 50களிலும் ஆண் மல்லர்களோடு மோதிப் பேர் எடுத்தார். அமெரிக்காவில் ரஸ்டி கனோகோகி 1959இல் ஆண் வேடத்தில் ஜூடோ போட்டியில் இறங்கினார், அவருடைய அணி வென்றது. பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். 50 வருடம் கழித்து, 2009இல்தான் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். இவர்களை நான் தலைவணங்குகிறேன். ஆனால் பெண்களுக்கென்று மேடையே இல்லாததால்தான் கனோகோகிக்கு அந்த வேடம் தேவைப்பட்டது. அவர் பிறகு செய்ததைப் பாருங்கள். பெண்களை ஆண்களோடு சேர்த்து விடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. 1980இல் நியூயோர்க்கில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை முன்நின்று நடத்தினார். 1992 பார்சிலோனாவில் பெண்கள் ஜூடோ ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது. பெண்கள் மல்யுத்தம் 2004 ஏதென்ஸில் வந்தது. அந்தக் கதவு திறந்ததால்தான் 2022இல் பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் நம் நாட்டு நெத்மி பொருதொட்டகே 57 கிலோ மல்யுத்தப் பிரிவில் வெண்கலம் வாங்க முடிந்தது.

பயிற்சி வேறு விஷயம். பயிற்சியில் சேர்ந்து ஆடலாம், ஆடத்தான் வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் கிளப்புகளில் பெண் பிள்ளைகள் மூன்று நாலு பேர்தான் இருப்பார்கள். கோச் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பையன் பலத்தை அடக்கி நுட்பத்தை மட்டும் போடுகிறான், அவள் போதும் என்று தட்டினால் விடுகிறான். போட்டியில் அவனை அடக்கி ஆடச் சொல்ல முடியாது. பையனுக்கும் அது நியாயமில்லை. ஜெயித்தால் "பொம்பளப் பிள்ளைய எறிஞ்சான்" என்பார்கள், தோற்றால் அவன் ஸ்கூலுக்கே போக முடியாது. அந்தப் பையன் அடுத்த வாரம் ஒரு நெஸ்டமோல்ட் பானத்தூள் பாக்கெட்டோடு கிளினிக் வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை. "குடுத்திடுங்க மிஸ்" என்று என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

சரி, எதிராளி இல்லாத பிள்ளையை என்ன செய்வது? பக்கத்து எடைப் பிரிவுப் பிள்ளைகளோடு, வித்தியாசம் சிறியதாக இருந்து இரண்டு பக்கமும் சம்மதித்தால், சேர்த்து ஆட விடுங்கள். மூன்று பேர்தான் என்றால் ஒருவரோடு ஒருவர் எல்லோரும் மோதட்டும். பெயர்ப் பதிவை ஒரு வாரம் முன்பே முடித்தால், ஆள் இல்லாதது அன்று காலையில் தெரியவராது. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் ஒரு போன் போட நேரம் இருக்கும். ஆனால் பிரிவில் சேர வேண்டும் என்று பிள்ளையைப் பட்டினி போட்டு எடை குறைக்க வைக்காதீர்கள். நம் தோட்டப் பிள்ளைகள் பலருக்கு ஏற்கெனவே இரத்தச்சோகை.

எனக்கு மிகவும் பிடித்த வழி கலப்பு அணிப் போட்டி. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அது முதல் தடவையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஒரு அணியில் மூன்று ஆண், மூன்று பெண். ஆண் ஆணோடு, பெண் பெண்ணோடு மோதுவார்கள், வெற்றிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். இதை நம் மட்டத்தில் வைத்தால் மூன்று பெண் பிள்ளைகள் இல்லாமல் எந்தக் கிளப்பும் அணி இறக்க முடியாது. பிள்ளைகளைத் தேடி லயத்துக்கு லயம் போக வேண்டி வரும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முழங்காலில் சத்தம் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், காலை ஊன்ற விடாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

அவள் இப்போது பயிற்சிக்குத் திரும்பிவிட்டாள். இன்னும் எறிய விடவில்லை, விழப் பழகுகிறாள். அடுத்த போட்டிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலை முதலில் எனக்கு அனுப்புங்கள், அப்புறம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.