ஸ்ப்ரெட்ஸத்தூரா: தமிழில் என்ன சொல்லலாம்?

இத்தாலிய ஆண்களின் உடையைப் பற்றி இணையத்தில் நாலு பக்கம் படித்தால் ஐந்தாவது பக்கத்தில் இந்தச் சொல் வந்து நிற்கும். டை கொஞ்சம் கோணலாகத் தொங்கினால் ஸ்ப்ரெட்ஸத்தூரா, கோட்டுக் கையில் கடைசிப் பொத்தானைப் போடாமல் விட்டால் ஸ்ப்ரெட்ஸத்தூரா, சாக்ஸ் இல்லாமல் ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாலும் அதேதான். பொருள் கேட்டால் 'மெனக்கெடாத நேர்த்தி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மெனக்கெட்டது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தச் சொல்லின் பொருள், அதற்கு மெனக்கெடாதவரைவிட இரண்டு மடங்கு மெனக்கெட வேண்டும்.

முதலில் வேர். இத்தாலிய மொழியில் 'ஸ்ப்ரெட்ஸாரே' என்றால் மதியாதிருத்தல், துச்சமாக எண்ணுதல். அதற்கும் அடியில் இருப்பது 'ப்ரெட்டியும்' என்ற லத்தீன் சொல். அதன் பொருள் விலை. ஒன்றுக்கு விலையே இல்லை என்பதுபோல நடத்துவதுதான் ஸ்ப்ரெட்ஸாரே. தமிழிலும் மதிப்பு என்ற ஒரே சொல் பொருளின் விலைக்கும் மனிதருக்குத் தரும் மரியாதைக்கும் வருகிறது, இல்லையா? அதே தடம்தான்.

இந்தச் சாதாரண வினைச்சொல்லிலிருந்து புதுப் பொருளோடு ஒரு பெயர்ச்சொல்லை எடுத்து வைத்தவர் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாளர் பல்தஸ்ஸாரே காஸ்திலியோனே. உர்பினோ அரண்மனையில் 1507இல் நடந்த உரையாடல்களாக அவர் எழுதிய 'அரசவையாளன்' என்ற நூல் 1528இல் வெனிஸில் அச்சாகி வந்தது. அதில் பேசும் கோமான் ஒருவர், பகட்டைக் கப்பல் உடைக்கும் பாறையைப் போல விலக்க வேண்டும், எதைச் செய்தாலும் கலையை மறைத்து, யோசிக்காமலே வந்துவிட்டதுபோலக் காட்ட வேண்டும் என்கிறார். அதற்குப் 'புதுச் சொல்லாகக்கூட இருக்கலாம்' என்று ஒரு தயக்கத்தோடுதான் ஸ்ப்ரெட்ஸத்தூரா என்று பெயர் வைக்கிறார். உடை அங்கே பிரதானம் இல்லை. வாள் பிடிப்பது, ஆடுவது, பேசுவது எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொன்னது. 1561இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன தாமஸ் ஹோபி இதை 'ரெக்லெஸ்னெஸ்' என்றே எழுதிவிட்டார். பொறுப்பில்லாத்தனம் என்ற வாடை அடிக்கிறது, பாவம், அவருக்கும் வேறு சொல் கிடைக்கவில்லைபோல.

அந்த நூலிலேயே எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ரொபெர்த்தோ என்று ஒருவர், ஆடும்போது மேலங்கி தோளிலிருந்து நழுவி விழும், காலணி கழன்று போகும், எடுக்கக் குனியாமல் ஆடிக்கொண்டே இருப்பார். இதுவும் ஸ்ப்ரெட்ஸத்தூராதானே என்று ஒருவர் கேட்க, கோமான் மறுக்கிறார்: கவலையில்லை என்று காட்டுவதற்கே இவ்வளவு பாடுபடுகிறாரே, அதுதான் அசல் பகட்டு. இன்றைக்கு ஃப்ளாரன்ஸில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் பித்தி உவோமோ என்ற ஆண்கள் உடைக் கண்காட்சிக்கு வெளியே, புகைப்படக்காரர்கள் கண்ணில் படும்படி அங்குமிங்கும் நடக்கும் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரொபெர்த்தோ ஞாபகம்தான் வரும்.

சரி, தையலுக்கு எப்படி வந்தது? சொல்லைவிட அதன் சங்கதி நேப்பிள்ஸில் துணியாகவே தைக்கப்பட்டது என்பேன். 1930களில் ஜென்னாரோ ருபினாச்சி அங்கே 'லண்டன் ஹவுஸ்' என்ற பெயரில் கடை நடத்தினார். பெயர்தான் லண்டன். அந்தக் கடையில் துணி வெட்டிய வின்சென்ஸோ அத்தொலினி, விறைத்து நின்ற ஆங்கிலக் கோட்டின் குடலை உருவிவிட்டார்: தோளில் பஞ்சு இல்லை, உள்ளே கேன்வாஸ் மெலிசு, லைனிங் குறைவு. வெயில் ஊர் என்பதும் ஒரு காரணம். அங்கே கையைத் தோளோடு இணைக்கும் ஒரு முறைக்கு 'ஸ்பல்லா கமீச்சா' என்று பெயர், அப்படியே தமிழில் சொன்னால் சட்டைத் தோள். கைக்குழி, அதாவது கோட்டில் கையை இணைக்கும் துளை, சிறியது, கையின் தலைப்பகுதி அதைவிடப் பெரியது, அந்த மிச்சத் துணியைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்துத் தைப்பார்கள், அதனால் தோள் முனையில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் விழும். விவரம் தெரியாதவர் இதைத் தையல் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் கைக்குழி சிறியதாகவும் உயரமாகவும் இருப்பதால் கையைத் தூக்கினாலும் கோட்டு கூடவே மேலே ஏறாது. பழுதுபோலத் தெரியும் அந்த இடத்தில்தான் அதிக உழைப்பு இருக்கிறது.

போட்டுக்கொள்ளும் பக்கத்துக்கு எல்லோரும் காட்டும் ஆள் ஃபியட் முதலாளி ஜான்னி அஞ்ஞெல்லி. டூரின்காரர், 2003இல் காலமானார். சட்டைக் கையின் மேலே கைக்கடிகாரம், பொத்தான் போடாத காலர், நல்ல சூட்டுக்குக் கீழே மலையேறும் பூட்ஸ். ஆனால் அவருக்குக் கோட்டுத் தைத்தது கராச்சேனி என்ற பேர்பெற்ற இத்தாலியத் தையலகம். கோட்டு அளவு பிசகாமல் உட்கார்ந்திருந்ததால்தான் கடிகாரத்தை இடம் மாற்றிக் கட்டினாலும் எடுபட்டது. நாம் கட்டினால் அவசரத்தில் கட்டிவிட்டோம் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது தமிழ்ச் சொல். அநாயாசம் என்றால் களைப்பில்லாமை. பாதிப் பொருள்தான் வருகிறது, மறைப்பது என்ற சூட்சுமம் இல்லை. எளிமை நிச்சயமாக இல்லை. ஒய்யாரம் நேர் எதிர்ப்பக்கம். 'அலட்டிக்கொள்ளாமை' மிகவும் கிட்ட வருகிறது, அதைவிட முக்கியமாக, காஸ்திலியோனே பாறை என்று சொன்ன பகட்டுக்கு அலட்டல் என்ற சொல் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் விதியே தெரியாத அப்பாவியும் அலட்டிக்கொள்ளாமல்தான் இருப்பார். இங்கே வேண்டியது விதி தெரிந்த ஆள் அதைச் சட்டை செய்யாமல் விடுவது.

ஆகவே என் கட்சி அசட்டை. மதியாதிருத்தல் என்ற வேர்ப்பொருள் அப்படியே கிடைக்கிறது. மேலே போடும் சட்டைக்கும் இந்தச் சட்டைக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை, ஆனாலும் தையல் பற்றிய பேச்சில் இப்படி ஒரு சிலேடை சும்மா வந்து விழுந்தால் விடுவானேன்? தனியாக அசட்டை என்றால் கவனக்குறைவு என்று திட்டுவதுபோல ஆகிவிடும், அதனால் ஒரு நயம் சேர்த்து 'அசட்டை நயம்' என்று எழுதலாம். 'டை கோணல்தான், ஆனாலும் மனிதரிடம் ஓர் அசட்டை நயம் இருக்கிறது' என்றால் புரிந்துவிடும். கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்று அந்தக் கோணலை வரவழைத்தார் என்பது கண்டுபிடிக்கப்பட்டால், அப்புறம் அலட்டல் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.