ஆளுமைச் சிதைவு என்று எழுதாதீர்கள்

போன மாதம் தருமபுரியில் நான் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்துக்குப் பாலக்கோடு பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். மகளின் கைபேசியை நீட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். மகளுக்கு ஓசூரில் வேலை. ஒரே மணி நேரத்தில் கோபமும் அழுகையும் மாறி மாறி வரும். நெருங்கியவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் ஓயாது. இப்படியே இரண்டு வருடம் அல்லாடிய பிறகு பெங்களூரில் ஒரு மருத்துவர் இது பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். அப்புறம் தம்பிக்காரன் அதற்கென்று ஒரு செயலியைத் தேடி இறக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். முதல் திரையிலேயே பர்சனாலிட்டி டிஸார்டருக்குக் கொட்டை எழுத்தில் "ஆளுமைச் சிதைவு" என்று இருந்தது.

"கருச்சிதைவுன்னா கரு போயிடுச்சுன்னு அர்த்தம். அப்போ எம் பொண்ணே போயிட்டான்னு சொல்லுதுங்களா இது?" என்று கேட்டார் அந்த அம்மா.

இந்தச் சொல்லைப் பத்திரிகையிலும் காணொளியிலும் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முகம் சுளித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்சனாலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீனின் பெர்சோனா. நாடகத்தில் நடிகர் மாட்டிக்கொள்ளும் முகமூடிக்கு அந்தப் பெயர். தமிழ் அந்த வழியில் போகவில்லை. ஆள் என்ற வேரிலிருந்து ஆளுமை என்று கட்டிக்கொண்டது. குறளின் ஆள்வினை இதற்குச் சொந்தக்காரச் சொல். டிஸார்டர் என்றால் ஒழுங்கு குலைந்த நிலை. இன்ன கிருமி, இன்ன காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாத இடங்களில் மருத்துவர்கள் நோய் என்று அடித்துச் சொல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். அவ்வளவுதான்.

இனி சிதைவுக்கு வருவோம். "சிதைவிடத்து ஒல்கார் உரவோர்" என்கிறது 597-ஆம் குறள். அங்கே சிதைவு என்பது அழிவு. உடம்பில் அம்பு புதைந்து நிற்கும் யானையை உவமையாகக் காட்டும் அளவுக்குப் பெரிய அழிவு. அந்தப் பொருள் இன்றுவரை தேயவில்லை. கருச்சிதைவு, தசைச் சிதைவு, சிதைந்த கோயில், அடையாளம் தெரியாமல் சிதைந்த முகம் என்று எதை எடுத்தாலும், முன்பு முழுதாக இருந்த ஒன்று இப்போது இல்லை என்பதுதான் செய்தி. ஆளுமைக் கோளாறில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பதின்வயதிலோ இளமையின் தொடக்கத்திலோ தலைகாட்டி, உணர்ச்சியிலும் உறவிலும் தன்னைப் பற்றிய எண்ணத்திலும் நெடுநாள் படிந்துவிடும் ஒரு போக்கு அது. ஆள் அப்படியேதான் இருக்கிறார்.

சிதைவு என்பது மருத்துவப்படியும் பொய். பார்டர்லைன் வகையினரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வுகளில், பெரும்பாலானவர்களுக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. தணியக்கூடிய ஒன்றுக்கு மீளாத பெயரை வைக்கலாமா? உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆளுமைக் கோளாறின் பழைய தனித்தனி வகைகளை அது பெரும்பாலும் களைந்துவிட்டு, லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று அளவாகப் பிரிக்கிறது. லேசான கோளாறு என்று சொல்லிப் பாருங்கள், வாயில் இயல்பாக வரும். லேசான சிதைவு என்று சொல்லிப் பாருங்கள். லேசான கருச்சிதைவு என்று யாராவது சொல்வார்களா?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்கிட்சோஃப்ரினியாவுக்கு மனச்சிதைவு என்ற பெயர் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஸ்கிட்சோஃப்ரினியா என்பது பிளத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்து 1908-இல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் பிளாய்லர் கொடுத்த பெயர். மனச்சிதைவும் ஆளுமைச் சிதைவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பாலக்கோட்டில் என்ன, சென்னையிலேயே இரண்டும் ஒன்று என்றுதான் நினைப்பார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஜப்பானில் ஸ்கிட்சோஃப்ரினியாவுக்கு "மனம் பிளந்த நோய்" என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் 2002-இல் அங்குள்ள மனநல மருத்துவர் சங்கம் அதை மாற்றியது. பெயரை மாற்றிய பிறகு, இன்ன நோய் என்று நோயாளியிடமே சொல்லும் மருத்துவர்கள் கூடினார்கள்.

சிதைவு வேண்டாம் என்றால் உடனே பிறழ்வு, சீர்குலைவு, குறைபாடு என்று மூன்றை எடுத்துக்கொண்டு வருவார்கள். பிறழ்வு என்றதும் பிறழ்சாட்சி நினைவுக்கு வரும், மனப்பிறழ்வு நினைவுக்கு வரும். ஒன்று நீதிமன்றம், மற்றொன்று பைத்தியம் என்ற பழைய முத்திரை. சீர்குலைவு சட்டம் ஒழுங்குச் செய்திக்கு உரியது. குறைபாடு என்றால் ஏதோ ஒன்று போதவில்லை என்று பொருள், வைட்டமின் குறைபாடு போல. இந்தப் பெண்ணுக்கு உணர்ச்சி குறைவாகவா இருக்கிறது? அது பொங்கி வழிவதுதானே சிக்கல்!

கோளாறு சரியான சொல். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பவர். "மோட்டார்ல கோளாறு" என்று அவரிடம் யாராவது வந்தால், எங்கே கோளாறு என்று பார்ப்பார், சரி செய்வார். வயிற்றுக் கோளாறு என்றால் கஷாயம் வைப்போம். கோளாறு என்ற சொல்லுக்குள்ளேயே சரியாகும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. இதில் ஜாதக வாடை அடிக்கிறது என்று ஒரு நண்பர் கோளறு பதிகத்தைக் காட்டினார். அது கோள் + அறு, கோள்களின் தீங்கை அறுப்பது. நாம் பேசும் கோளாறில் இன்று யாரும் கிரகத்தைத் தேடுவதில்லை.

முன்பாதியான ஆளுமையில் எனக்கும் முழுத் திருப்தி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்லூரிச் சுவர்களில் "ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி" என்று ஒட்டுகிறார்கள், மேடையில் "மாபெரும் ஆளுமை" என்று பொன்னாடை போர்த்துகிறார்கள். மிடுக்கு என்ற பொருள் ஏறிவிட்டது. ஆனால் மாற்று என்ன? இயல்புக் கோளாறு என்றால், இயல்பு என்பது நார்மலையும் குறிப்பதால் தலைசுற்றும். குணக் கோளாறு என்றால் குணங்கெட்டவள் என்று ஊர் பேசிவிடும். அதனால் எழுத்தில் ஆளுமைக் கோளாறு என்றே இருக்கட்டும். வீட்டாரிடம் பேசும்போது "சுபாவத்தில் படிந்துவிட்ட ஒரு கோளாறு" என்று தொடங்கலாம். சுபாவம் வடசொல் என்று என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். பயந்துபோய் எதிரே உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம்.

பார்டர்லைனை அந்தச் செயலியில் எல்லைக்கோட்டு ஆளுமை என்று எழுதியிருந்ததும் உதவவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு எல்லை என்றால் கர்நாடகம் தொடங்கும் இடம். 1938-இல் அமெரிக்க உளப்பகுப்பாளர் அடால்ஃப் ஸ்டெர்ன் இந்தப் பெயரை எழுதியபோது, பதற்றம் போன்ற நியூரோசிஸுக்கும் நிஜம் எது என்றே தெரியாமல் போகும் சைக்கோசிஸுக்கும் நடுவே உள்ள எல்லையை மனதில் வைத்திருந்தார். அந்தக் கொள்கையே பழசாகிவிட்டது. அதைப் போய்ச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் என்ன பயன்? பார்டர்லைன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் செயலியை மேலும் நகர்த்திப் பார்த்தேன். இவ்வகைச் செயலிகள் பலவற்றைப் போல இதுவும் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த டிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சையைத் தழுவியது. அதில் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிக்கு "நினைவாற்றல்" என்று போட்டிருந்தார்கள். "எனக்கு ஞாபகசக்தி நல்லாத்தானே இருக்கு, அதான் பிரச்சினையே" என்றாளாம் அந்தப் பெண். இந்தக் கணத்தில் கவனத்தோடு இருப்பதற்கு மனவிழிப்பு என்று சொல்லலாமே. துன்பம் உச்சத்துக்குப் போகும்போது மேலும் கெடுத்துக்கொள்ளாமல் அதைக் கடத்தும் திறனுக்குத் "துயர சகிப்புத்தன்மை" என்றிருந்தது. ஏற்கெனவே எல்லாரும் அந்தப் பெண்ணிடம் சகிச்சுக்கோ, சகிச்சுக்கோ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தாக்குப்பிடித்தல் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு பொத்தானில் "வெப்பநிலை" என்று மட்டும் இருந்தது. படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது குளிர்ந்த நீரில் முகத்தை நனைத்தால் இதயத் துடிப்பு தணியும், அதைச் செய் என்பதற்கான பொத்தான் அது. நள்ளிரவில் தவித்துக்கொண்டிருப்பவர் "வெப்பநிலை"யை அழுத்திப் பார்ப்பாரா?

நலச் செயலிகளின் தரத்தை அளக்க மார்ஸ் என்ற அளவுகோல் 2015-இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. 23 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஈடுபாடு, இயக்கம், அழகு, தகவல் என்று பார்ப்பார்கள். அதில் ஒரு கேள்வி, செயலியின் மொழியும் வடிவமும் அதைப் பயன்படுத்தப்போகிறவர்களுக்குப் பொருந்துகின்றனவா என்பது. ஆங்கில வடிவத்துக்கு 5 வாங்கிய செயலியாக இருந்தாலும், தமிழ் வடிவத்தை அந்த ஒரு கேள்வியில் வைத்துப் பார்த்தால் 1-க்கு மேல் தேறாது. நிறம் அழகு, வேகம் அழகு, ஆனால் சொல் ஆளைக் கலங்கடிக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களே, எந்திரம் துப்பியதை ஒட்டி அனுப்பும் முன் ஒரு நோயாளியின் தாய்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் எங்கே மாறுகிறதோ அங்கே நிறுத்தித் திருத்துங்கள்.

அன்று அந்த அம்மாவிடம், "சுபாவத்தில் ஒரு கோளாறு, சிகிச்சை இருக்கிறது, பலருக்குத் தணிந்திருக்கிறது" என்றேன். "கோளாறுதானா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம் என்று ஒரு தாளில் எழுதி, மேலே சொன்ன சொற்களையும் என் தமிழில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். செயலியைச் செய்தவர்களுக்கு அன்று இரவே திருத்தப் பட்டியல் அனுப்பினேன். நேற்று அந்தப் பெண்ணின் தம்பியிடம் கேட்டேன். முதல் திரையில் இன்னும் சிதைவுதான் இருக்கிறதாம். அக்கா அந்தத் தாளை மடித்துக் கைபேசி உறைக்குள் வைத்திருக்கிறாள் என்றான்.