ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ்: எச்சமண் பூஞ்சைநோய்

வௌவாலின் எச்சமோ கோழி முதலான பறவைகளின் எச்சமோ நெடுங்காலம் ஊறிய மண்ணில் ஒருவகைப் பூஞ்சை வளர்கிறது. அந்த மண்ணைக் கிளறும்போது அதன் நுண்வித்துகள் புழுதியோடு மூச்சில் ஏறி நுரையீரலில் தங்குவதால் வரும் நோய்க்கு மருத்துவர்கள் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்று பெயர் சொல்கிறார்கள். இந்தியாவில் இது பெரும்பாலும் கங்கைச் சமவெளியைச் சார்ந்தது. இங்கே முதன்முதலாக 1954ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இது பதிவானது. இராமநாதபுரம் கரையோரத்துக்கு இது அரிய நோய்தான். ஆயினும் பிழைப்புக்காக மலேசியா முதலிய நாடுகளுக்குச் சென்று திரும்புவோர் நிறைந்த பகுதி இது. தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தப் பூஞ்சை உண்டு. இருமலும் மெலிவும் கண்டவுடன் காசநோய் என்ற முடிவுக்கு வந்துவிடும் வழக்கமும் நம்மிடையே இருப்பதால், இந்தச் சொல்லைப் பொருள் தெரிந்து கையாள வேண்டியிருக்கிறது.

சொல்லின் முற்பகுதியான 'ஹிஸ்டோஸ்' கிரேக்கத்தில் தறியையும் அதில் நெய்த துணியையும் குறிப்பது. உடலின் தசையும் தோலும் நெய்யப்பட்டவை போலத் தோன்றியதால் உடற்கூற்றியலார் அச்சொல்லைத் திசுவுக்கு ஆக்கிக்கொண்டனர். நம் பாடநூல்கள் 'திசு' என்று ஒலிபெயர்த்துக்கொண்டதைப் பாக் நீரிணைக்கு அக்கரையில் உள்ள இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'இழையம்' என்று எழுதுகின்றன. இழை என்னும் வேரிலிருந்து பிறந்த அச்சொல் கிரேக்க மூலத்தின் கருத்தை அப்படியே தாங்கி நிற்பதால், எனக்கு அதுவே மேலான ஆக்கமாகப் படுகிறது. அடுத்துள்ள 'பிளாஸ்மா' வார்த்து உருவாக்கப்பட்டதைக் குறிக்கும். உயிரணுவினுள் நிறைந்திருக்கும் கூழ்மத்துக்கு அது பெயராயிற்று. இறுதியில் உள்ள 'ஓசிஸ்' நோய்நிலையைக் காட்டும் ஈறு. பூஞ்சையின் முழுப்பெயரான 'ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம்' என்பதில் வரும் இரண்டாம் சொல், இலத்தீனில் சிறுபெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்து, 'உறை உடையது' என்று பொருள்படும்.

இந்தப் பெயரை இட்டவர் சாமுவேல் டார்லிங் என்னும் அமெரிக்க மருத்துவர். பனாமாக் கால்வாய் வெட்டப்பட்டுவந்த காலத்தில், 1905ஆம் ஆண்டின் இறுதியில், அங்கே இறந்துபோன மார்டினிக் தீவுத் தொழிலாளி ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது, நுரையீரல் முழுவதும் தினையளவு மணிகள் காசநோயில் காண்பதைப் போலவே சிதறிக் கிடந்தன. ஆனால் நுண்ணோக்கியில் தெரிந்தவை காசநோய்க் கிருமிகள் அல்ல. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1903இல், சார்லஸ் டோனவன் சென்னைப் பொது மருத்துவமனையில் நோயாளிகளின் மண்ணீரலில் கண்டறிந்த, காலா அசார் என்னும் காய்ச்சல்நோயின் ஒட்டுண்ணியை அவை ஒத்திருந்தன. ஆகவே டார்லிங், திசு உயிரணுவின் கூழ்மத்தினுள் குடியேறி, தன்னைச் சுற்றி உறை போட்டுக்கொள்ளும் ஓரணு உயிரி இது என்று கருதி, அக்கருத்தையே பெயராக்கி 1906இல் வெளியிட்டார். பின்னர் பிரேசில் மருத்துவர் ரோச்சா லிமா இது பூஞ்சையாக இருக்கலாம் என்று சுட்டினார். 1934இல் அமெரிக்க ஆய்வாளர் டிமான்புரூன் அதை ஆய்வகத்தில் வளர்த்து, அறை வெப்பத்தில் இழை இழையாகவும் உடல் வெப்பத்தில் ஈஸ்ட்டைப் போன்ற உருண்டைகளாகவும் வாழும் பூஞ்சையே என்று நிறுவினார். உறை என்று டார்லிங் கண்டது, சாயமேற்றும்போது உயிரணு சுருங்கியதால் விளைந்த வெற்றிடம். இருப்பிடமோ மண், 1949இல் எம்மன்ஸ் என்னும் அமெரிக்கப் பூஞ்சையியலார் மண்ணிலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார்.

எனவே 'இழையவுரு நோய்' என்பதைப் போலச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், டார்லிங்கின் பிழைகளையும் சேர்த்தே தமிழுக்குக் கொண்டுவந்தவர்களாவோம். நோய் எங்கிருந்து வருகிறது, எதனால் வருகிறது என்னும் இரண்டும் பெயரிலேயே தெரியவேண்டும். அதனால் 'எச்சமண் பூஞ்சைநோய்' என்னும் ஆக்கத்தை முன்வைக்கிறேன். இதில் உள்ள 'பூஞ்சை' நம் கரையோரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாத சொல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் காணாமல் கட்டிவைத்த கருவாட்டின் செவுளோரத்தில், விரலால் தொட்டால் மாவாக ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் படிவைக் கண்டு, 'பூஞ்சணம் பூத்துவிட்டது' என்று பாம்பனிலும் தொண்டியிலும் சொல்வார்கள். பூசணம், பூஞ்சணம், பூஞ்சை என்று பலவாறு வழங்கும் இவை பூத்தல் என்னும் வினையோடு சேர்ந்தே வருவது, அவ்வுயிரி பரவும் விதத்துக்கு மிகவும் பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்கள் இங்கே 'பங்கசு' என்று ஒலிபெயர்க்கின்றன. இந்த ஓரிடத்தில் நம் வழக்கே சிறந்தது. 'பூஞ்சை உடம்பு' என்று மெலிந்த உடலைச் சொல்லும் வழக்கும் உண்டாதலால், 'பூஞ்சைநோய்' என்று ஒட்டி எழுதுவது மயக்கத்தைத் தவிர்க்கும்.

'எச்சமண்' என்பதன் தேவையை ஒரு காட்சியால் விளக்கலாம். குடும்பமே வெளிநாட்டில் இருப்பதால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைத் திறந்து, பரணில் வௌவால் எச்சம் மட்கிக் கிடப்பதைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போது எழும் பழுப்புத் தூசியே, அதில் இந்தப் பூஞ்சை இருக்குமானால், நோயைக் கொடுப்பது. மூன்று முதல் பதினேழு நாளுக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சுவலி, அசதி ஆகியன தோன்றலாம். பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை. பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளித்து நன்றாக நனைப்பதும், என்-95 முகக்கவசம் அணிவதும் காப்பு.

நுரையீரலில் முன்பே பழுதுள்ளவர்களுக்கு நோய் நாட்பட்டு, எக்ஸ்ரே படத்தில் காசநோயைப் போலவே குழிகள் தெரியும். எச்ஐவி உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வோருக்கும் உடல் முழுவதும் பரவி, வாய்ப்புண்ணும், சிறுநீரகத்தின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பியின் வீக்கமும் உண்டாகலாம். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி தென்படாமலும் மருந்துக்குக் குணம் தெரியாமலும் இருந்தால், மருத்துவரிடம் எச்சமும் மண்ணும் கிளறிய வேலையைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீரில் பூஞ்சையின் கூறுகளைத் தேடுவதும், திசுவை எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பதும் நோயை உறுதிசெய்யும் வழிகள்; வளர்த்துப் பார்க்க ஆறு வாரம் வரை ஆகக்கூடும்.

லேசான நோய் மருந்தின்றியே ஆறும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் இட்ராகொனசோல் என்னும் பூஞ்சைக்கான மாத்திரை 6 முதல் 12 வாரம் வரை தரப்படும். நாட்பட்ட குழிநோய்க்கு ஓராண்டேனும் வேண்டும். மூச்சு முட்டும் நிலையில் ஆம்போடெரிசின் பி மருந்தை ஓரிரு வாரம் நரம்பில் ஏற்றிய பிறகே மாத்திரைக்கு மாற்றுவார்கள். இட்ராகொனசோல் காப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். கேஸ் மாத்திரை என்று நாம் சொல்பவை வயிற்று அமிலத்தைக் குறைத்து, அது உடலில் சேராமல் தடுத்துவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ, ஈரலைத் தூண்டி இந்த மருந்தை விரைவில் சிதைத்துவிடும். காசநோய் மருந்தை உட்கொண்டுவருபவருக்கு எச்சமண் பூஞ்சைநோய் என்று பின்னர் தெரியவந்தால், எதை நிறுத்தி எதைத் தொடங்குவது என்று மருத்துவர் முடிவுசெய்தாக வேண்டும். இரண்டையும் ஒருசேர விழுங்கினால் பூஞ்சைக்கான மருந்து பயனற்றுப்போகும்.

2021இல் பரவலாகப் பேசப்பட்ட 'கருப்புப் பூஞ்சை' வேறு நோய். மூக்கையும் கண்ணையும் தாக்கிய அதற்கும் ஆம்போடெரிசின் பி மருந்தே தரப்பட்டது என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது. மருத்துவச் சீட்டில் 'ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ்' என்றே இருக்கும். வீட்டாருக்கு விளக்கும்போது 'எச்சமண் பூஞ்சைநோய்' என்று சொல்லி, சீட்டில் உள்ள பெயரையும் உடன் எழுதிக்கொடுப்பது நல்லது.