பல்லூடகம் அல்ல, பல்வழி

மொழி கற்பித்தல் பற்றித் தமிழில் எழுதுவோர் 'மல்டிமோடல்' என்ற சொல்லைக் கண்டதும் 'பல்லூடக' என்று எழுதிவிடுகிறார்கள். இது சிறு பிழையல்ல, வகுப்பறையையே திசைமாற்றிவிடும்.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர்கள் இலத்தீனில் உள்ளன: 'முல்துஸ்' என்றால் பல, 'மோதுஸ்' என்றால் முறை. அமெரிக்காவின் நியூ லண்டன் என்ற சிற்றூரில் 1994இல் கூடிய அறிஞர் குழு, 1996இல் வெளியிட்ட கட்டுரையில் மொழி, ஒலி, காட்சி, சைகை, இடம் ஆகிய ஐந்தும் பொருளுணர்த்தும் முறைகள் என்றது. அவை இணைந்து பொருள் தருவதே மல்டிமோடல்.

ஊடகம் என்பது செய்தியைச் சுமந்துவரும் கருவி: தாள், திரை, ஒலிபெருக்கி. ஸ்பானிய மொழியை இரண்டாம் மொழியாகக் கற்பவருக்குச் சுட்டுச்சொல் பாடம் நடப்பதைப் பாருங்கள். பேசுபவர் அருகில் இருப்பது 'எஸ்தே', கேட்பவர் அருகில் இருப்பது 'எஸே', இருவருக்கும் தொலைவில் இருப்பது 'அகேல்'. நம் இ, உ, அ போல மூன்று நிலை. ஆசிரியர் ஒரு புத்தகத்தைத் தம் கையில் வைத்துக்கொள்கிறார். இன்னொன்றை மாணவரிடம் கொடுக்கிறார். மூன்றாவதைச் சன்னலோரம் வைக்கிறார். 'எஸ்தே லிப்ரோ' என்று தம் கையில் இருப்பதைத் தட்டுகிறார். 'அகேல் லிப்ரோ' என்று சன்னலை நோக்கிக் கை நீட்டுகிறார். சொல், கை, நிற்கும் இடம் மூன்றும் சேர்ந்தே பொருள் தருகின்றன. அங்கே திரையும் இல்லை, கணினியும் இல்லை. மாறாக, பாடநூல் பக்கத்தை அப்படியே திரையில் காட்டி வாசிக்கச் சொன்னால் கருவிதான் மாறுகிறது, முறை மாறவில்லை. 'பல்லூடகச் செயல்பாடு' என்று படிக்கும் ஆசிரியர், தம் பள்ளியில் கருவி இல்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். மூலத்தின் கருத்தைப் பார்க்காமல், கலைச்சொல் பட்டியலில் கைக்குக் கிடைத்ததை எடுத்து ஒட்டும் பழக்கத்தால் வரும் கேடு இது.

'பல்புலன்' என்பாரும் உண்டு. அதுவும் பொருந்தாது. ஸ்பானியத்தில் 'வியேனே மன்யானா' என்றால் 'நாளை வருகிறார்'. சொல் எதுவும் மாறாமல் இறுதியில் குரலை ஏற்றினால் 'நாளை வருகிறாரா?'. சொல்லும் குரலேற்றமும் காது என்ற ஒரே புலனுக்குத்தான் எட்டுகின்றன. ஆனால் பொருளுணர்த்தும் முறைகள் இரண்டு. 'பன்முறை' என்றால் பல தடவை என்று படிப்பார்கள். 'பன்முக' என்பதோ எதற்கும் ஒட்டவைத்துத் தேய்ந்துபோன சொல்.

'பல்வழி' என்பதே என் தேர்வு. பொருளுணர்த்தும் வழிகள் பல என்பதை அது நேராகச் சொல்கிறது. பல்வழிக் கற்பித்தல், பல்வழிச் செயல்பாடு என்று இழுபறியின்றிப் புணர்கிறது. கலைச்சொல்லுக்குரிய மிடுக்கு இல்லை என்று தள்ளுபவர்கள், 'வழி' என்ற எளிய சொல்லில் எந்தப் பொருள் விடுபடுகிறது என்று காட்ட வேண்டும்.