மாலை வகுப்பு அக்கா பார்ப்பதும் நாங்கள் பார்க்காததும்

வேலூரில் மனநல மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது அங்கே பழைய வழக்கம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. இருந்தும், பதினாறு வயதில் தொடங்கிய தொல்லைக்குப் பத்தொன்பது வயதில்தான் பிள்ளையை அழைத்து வருகிறார்கள். மனநலச் சமூகப் பணியாளராக நான் அதிகம் பார்ப்பது இந்தத் தாமதத்தைத்தான். மனநலப் பாதிப்புகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இடைப்பட்ட காலத்தில் வீட்டில் முதலில் ‘திமிர்’ என்பார்கள், பிறகு ‘காற்று கருப்பு’ என்பார்கள். கோயிலில் மந்திரிப்பார்கள், தர்காவில் ஓதுவார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவரை, பிள்ளையைக் கட்டிப்போடாதவரை, தாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

தொண்டு நிறுவனங்களுக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலும், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல், ஷூ கம்பெனிக்குப் போகிற வீடுகளிலும் பெற்றோர் பிள்ளையின் முகத்தை நின்று பார்க்க நேரமிருப்பதில்லை. தொண்டு நிறுவனத்தின் மாலை வகுப்பை நடத்தும் அக்கா தினமும் பார்க்கிறார். வாயாடிப் பையன் மூலையில் ஒடுங்குவது, குளிக்காமல் வருவது, மருத்துவர் பார்த்தும் காரணம் தெரியாத வயிற்றுவலி, ‘எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்’ என்ற சந்தேகம் எல்லாம் முதலில் அவர் கண்ணில்தான் படும். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

அதற்காக அக்கா மருத்துவராகிவிட வேண்டாம். சில நாள் பயிற்சி முடித்த கையோடு ‘கவுன்சிலிங்’ தொடங்கி, நோய்க்குப் பெயரும் வைத்துவிடும் தன்னார்வலர்களைக் கண்டால் எனக்குப் பயம். (பிளெக்ஸ் கட்டி ஒரே நாளில் முடித்துவிடும் விழிப்புணர்வு முகாம்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதையும் கிடையாது.) தனியாக அழைத்து, புத்தி சொல்லாமல் கேட்பது, ஓ.பி. சீட்டு வரிசையில் கூட நிற்பது, இவை போதும். அடுத்த மாதம் ‘மாத்திரை சாப்பிடுகிறாயா, தூக்கம் எப்படி’ என்று கேட்க ஆள் இருப்பது அதைவிடப் பெரிது. கொஞ்சம் தெளிந்ததும், அல்லது மாத்திரையால் மந்தமாக இருக்கிறது என்று, பலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

‘சாகத் தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ‘ஆம்’ என்றால் ரகசியம் காக்க வேண்டாம்: வீட்டாரிடம் சொல்லி, தனியே விடாமல், பூச்சிமருந்தை அப்புறப்படுத்தி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போலீஸ் வழக்கு வரும் என்று தற்கொலை முயற்சியை மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதுகிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. நள்ளிரவானாலும் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், இலவசமாகத் தமிழில் பேசலாம்.

நிறுவனம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டறிக்கையிலும் முகநூலிலும் இந்தப் பிள்ளைகளின் பெயரோ படமோ வேண்டாம். அதே சட்டம், மனநோய்ச் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி ஊடகங்களில் வெளியிடுவதைத் தடுக்கிறது.