பள்ளிக்கு வரும் உள்ளூர்க் கலைஞர்: எது சட்ட உரிமை, எது கேட்டுப் பெற வேண்டியது

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் உண்டா? 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குச் சட்டம் அப்படி யாரையும் ஒதுக்கவில்லை. 6 முதல் 8 வரை ஒதுக்கியிருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. இந்த வேறுபாடு தெரியாமல் பெற்றோர் தலைமை ஆசிரியரிடம் சண்டைக்குப் போவதும், கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டுவிடுவதும் நடக்கிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகளைத்தான் தொடக்கக் கல்வி என்கிறது. அதன் இணைப்பில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். 6 முதல் 8 வரை சேர்ந்துள்ள பிள்ளைகள் 100 பேருக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமை ஆசிரியரோடு, கலைக் கல்விக்கு ஒருவர், உடற்கல்விக்கு ஒருவர், தொழில் அனுபவக் கல்விக்கு ஒருவர் எனப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டது இதை ஒட்டித்தான். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. ஊதியம் பிறகு பலமுறை உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஓவியம் சொல்லித் தருபவரின் வயிறு காய்ந்தால் அந்த வகுப்பு நிலைக்காது. அவர்கள் கோரிக்கை நம் பிள்ளைகளின் கோரிக்கையும்தான்.

சின்ன வகுப்புகளின் நிலைமை வேறு. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள் என்பதுதான் அதே அட்டவணையின் கணக்கு. இருவர் சேர்ந்து ஐந்து வகுப்புக்கும் எல்லாப் பாடமும் எடுக்கிறார்கள். ஓவிய பீரியடில் கணக்குப் பாடம் நடக்கிறதென்றால் அதற்கு அந்த ஆசிரியரின் அக்கறையின்மை காரணமல்ல. ஆனால் அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, செயல்பாடு, தேடல், கண்டறிதல் வழியாகப் பிள்ளை கற்க வேண்டும் என்றும், முழுமையான வளர்ச்சியே பாடத்திட்டத்தின் நோக்கம் என்றும் சொல்கிறது. அதனால் கலை என்பது நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல. ஆள் இல்லாத இந்த இடத்தில்தான் ஊரில் இருக்கும் கலைஞர் தேவைப்படுகிறார்.

2020 தேசியக் கல்விக் கொள்கை இதை வெளிப்படையாகவே சொல்கிறது. மரபுக் கலை, கைத்தொழில் தெரிந்த உள்ளூர் ஆட்களைப் பள்ளிகள் பயிற்றுநராக அமர்த்திக்கொள்ள ஊக்குவிக்கப்படும். 6 முதல் 8 வரைக்குள் பத்து நாள் பையில்லாமல் குயவர், தச்சர், ஓவியர் போன்றோரிடம் பிள்ளைகள் பழக வேண்டும் என்கிறது. ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. கொள்கையில் உள்ளதைக் காட்டி எனக்கு இது உரிமை என்று கேட்க முடியாது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவும் இல்லை. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையைத் தனியாக வெளியிட்டது. இதனால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு குயவரை அழைப்பதற்கு எந்தத் தடையும் வந்துவிடாது. அதற்கான வழி பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது எஸ்.எம்.சி.

இந்தக் குழு பெயரளவுக்கானது என்று நினைப்பவர்கள் சட்டத்தின் 21, 22-ஆம் பிரிவுகளைப் படிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது இந்தக் குழுவின் வேலை. கலைஞர் வருகையை அந்தத் திட்டத்தில் ஏற்றிவிட்டால் அது ஒருவரின் ஆசையாக இல்லாமல் பள்ளியின் வேலையாகிவிடும். தலைமை ஆசிரியர் மாறினாலும் ஏட்டில் இருக்கும்.

தீர்மானத்தை மொட்டையாக எழுத வேண்டாம். ‘கலை வளர்க்கப்படும்’ என்றால் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள். இப்படி எழுதலாம்: ‘3, 4-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூலையிலிருந்து வாரத்துக்கு ஒரு பிரிவேளை வீதம் எட்டு வாரம் மண் பொம்மை வேலை கற்றுத்தர உள்ளூர் மண்பாண்டக் கலைஞர் ஒருவரை அழைப்பது, பிசைந்த களிமண்ணுக்கும் அவருக்கான மதிப்பூதியத்துக்கும் ஏற்பாடு செய்வது, வகுப்பாசிரியர் முழு நேரமும் உடனிருப்பது.’ இதன் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிவிடுங்கள். வெளியாட்கள் பள்ளிக்குள் வந்து நிகழ்ச்சி நடத்துவதில் 2024 செப்டம்பருக்குப் பிறகு கல்வித் துறை கறாராக இருக்கிறது. அது பிள்ளைகளின் நலனுக்காகத்தான். வருபவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் பிள்ளையோடு தனியாக விடக் கூடாது.

பணத்துக்கு வருவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது ஆண்டுக்கான அளவு. கற்பித்தல் பொருள்கள், தீர்ந்துபோகும் பொருள்கள் இதில் வாங்கலாம். கிரேயான், வண்ணம், தாள் அதில் அடங்கும். ஆனால் மின்கட்டணமும் இதிலேயே, பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்கும் போக வேண்டும். 40 பிள்ளைகள் உள்ள பள்ளியில் மிஞ்சுவது சொற்பம். கலைஞருக்கான மதிப்பூதியத்துக்கு இதை நம்பியிருக்க முடியாது. அதற்கு முன்னாள் மாணவர்கள், ஊராட்சி, 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக வரும் நன்கொடை ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். எப்படியாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். சேவையாக நினைத்து வாருங்கள் என்று நாள்கூலிக்கு வாழும் ஒருவரை அழைப்பது அவர் கலைக்கு நாம் செய்யும் மரியாதைக் குறைவு.

கலைஞரை எங்கே தேடுவது? கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என வயது வாரியாக விருது கொடுக்கிறது. பெற்றவர்கள் உங்கள் மாவட்டத்துக்காரர்கள்தான். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் நடக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களையும் விசாரிக்கலாம். மண் பொம்மைக்கு விளாச்சேரி, மண்பாண்டத்துக்கு மானாமதுரை, பாய்க்குப் பத்தமடை போன்ற ஊர்களில் பாதித் தெரு கலைஞர்கள்தான். எந்தப் பட்டியலிலும் இல்லாத போர்டு எழுதுபவரையும், மார்கழியில் தெருவே நின்று பார்க்கக் கோலம் போடும் பாட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதை வருபவரோடு முன்கூட்டியே ஆசிரியர் பேசிவிட வேண்டும். குயவர் வந்தால் எல்லோரும் சக்கரத்தைக் கொண்டுவரச் சொல்வார்கள். பார்க்க அழகுதான், ஆனால் முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சக்கரத்தை ஒருமுறை சுற்றிக் காட்டிவிட்டு, ஆளுக்கு எலுமிச்சை அளவு பிசைந்த மண்ணைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டை விரலை நடுவில் அழுத்தித் திருப்பித் திருப்பி ஓரத்தைக் கிள்ளிவிட்டால் ஏழு வயதுப் பிள்ளையும் சின்னக் கிண்ணம் செய்துவிடும். போர்டு எழுதுபவர் வந்தால் எனாமலும் தின்னரும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. போஸ்டர் கலர் போதும்.

கோலம் இன்னும் வசதி, செலவே இல்லை. ஏழில் தொடங்கி நான்கில் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடு வரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் எத்தனை புள்ளி என்று பாட்டி கேட்க, பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணாமல் இரண்டு ஆறு, இரண்டு ஐந்து, இரண்டு நான்கு என்று கூட்டி 37 என்பார்கள். கணக்கு பீரியடைக் கடன் கொடுத்த ஆசிரியருக்கும் நஷ்டம் இல்லை.

2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது போட்டி. நன்றாக வரையும் நான்கு பேரை மாவட்டத்துக்கு அனுப்பத் தயார்செய்வதற்காகக் கலைஞரை அழைத்தால், வரையத் தயங்கும் மீதிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது.

தனியார் பள்ளிகளுக்கும் சட்டத்தின் அட்டவணை பொருந்தும். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் பொருந்தாது. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பிரிவேளை கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று அந்த வாரியம் 2019-இலேயே சொல்லிவிட்டது. கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக, புகார். உள்ளூர்க் கலைஞர் வரவில்லை என்று புகார் கொடுக்க முடியாது. 6 முதல் 8 வரை 100 பேருக்கு மேல் இருந்தும் கலைப் பயிற்றுநர் இல்லையென்றால் கொடுக்கலாம். சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் எழுதிக் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்; திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. மனுவில் வகுப்பு வாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கையையும், பயிற்றுநர் இடம் எப்போதிலிருந்து காலி என்பதையும் எழுதி, எஸ்.எம்.சி. தீர்மான நகலை இணைத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.