பூவும் கல்லும் சேர்ந்தால் பல்

"ஒலிப்பதிவே இல்லாத காலத்தில் சீனர்கள் எப்படிப் பேசினார்கள் என்று இன்றைக்கு எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

சீன எழுத்தை நம் எழுத்தைப் போல ஒலிகூட்டிப் படித்துவிட முடியாது. அதனால் சீனர்களுக்கே உச்சரிப்பு அகராதி தேவைப்பட்டது. அப்படி ஒன்றை, 'சியெயுன்' என்ற பெயரில், கி.பி. 601இல் லு ஃபாயென் தொகுத்தார். பல ஆண்டுகளுக்கு முன் எட்டு அறிஞர்கள் தன் வீட்டில் தங்கி இரவில் உச்சரிப்பைப் பற்றி விவாதித்ததையும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தான் குறிப்பெடுத்ததையும் முன்னுரையில் சொல்கிறார்.

அகராதியின் உத்தி எளிது. ஒரு சொல்லின் ஒலியைக் காட்ட இரண்டு சொற்களை எழுதுவார்கள். முதல் சொல்லின் தொடக்க மெய்யை எடுத்து, இரண்டாவதில் தொடக்க மெய் போக மீதியோடு ஒட்ட வேண்டும். தமிழில் 'பூ – கல்' என்று எழுதினால் 'பல்' என்று படிப்போம், அவ்வளவுதான். இதற்கு ஃபான்சியே என்று பெயர்.

மா சேதுங் பெயரின் கடைசியில் உள்ள 'துங்' என்றால் கிழக்கு. அதற்கு அகராதி தரும் குறிப்பு 'தெ – ஹுங்'. இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பில் கூட்டினாலும் 'துங்' வந்துவிடுகிறது. ஆனால் தொனி, அதாவது சொல்லை எந்தச் சுருதியில் சொல்கிறோம் என்பது, இடிக்கிறது. 'துங்' மேல்சுருதியில் சமமாக நிற்கும். 'ஹுங்', நாம் "என்னது?" என்று கேட்கும்போது குரல் ஏறுமே, அப்படி ஏறும். தொனி இரண்டாவது சொல்லிலிருந்துதான் வரவேண்டும். அப்படியானால் 'துங்'கும் ஏறியிருக்க வேண்டுமே?

அகராதியில் பிழையா? இல்லை. இதே இடறல் ஏராளமான சொற்களில் ஒரே ஒழுங்கில் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தொண்டையில் விரலை வைத்து 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரத்தில் அதிர்வு இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. அன்றைய சீனத்தில் இந்த இரண்டு வகை மெய்களும் சொல்லின் தொடக்கத்தில் வந்தன. 'ஹுங்' அதிரும் மெய்யில் தொடங்கியது, 'துங்' அதிராத மெய்யில். இரண்டுக்கும் அப்போது ஒரே தொனி, குறிப்பும் கச்சிதமாகப் பொருந்தியது. அதிரும் மெய்யைச் சொல்லும்போது சுருதி தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்தச் சின்ன இறக்கம் நாளடைவில் தனித் தொனியாகக் கெட்டிப்பட்டது. அப்புறம் அதிர்வு மறைந்துபோய், தொனி வேறுபாடு மட்டும் தங்கிவிட்டது. ஷாங்காய்ப் பேச்சில் அந்த அதிர்வை இன்றும் கேட்கலாம்.

குவாங்சௌவைச் சேர்ந்த சென் லி 1842இல் இன்னொரு வழி கண்டார். அவர் கையில் இருந்தது சியெயுன் அகராதியின் 1008இல் விரித்தெழுதப்பட்ட பதிப்பு. 'தெ'வுக்கான குறிப்பு 'துவோ'வில் தொடங்குகிறது என்றால் இரண்டுக்கும் தொடக்க மெய் ஒன்று. 'துவோ'வுக்கான குறிப்பில் வேறொரு சொல் இருந்தால் அதுவும் இதே குடும்பம். இப்படிச் சங்கிலி கோத்து மெய்களை 40 குடும்பங்களாகப் பிரித்தார். ஒரு குடும்பத்தின் ஒலி எப்படி இருந்தது என்று தெரியாமலே, யாருக்கு யார் சொந்தம் என்று சொல்லிவிட்டார்!

ஒலியைக் கண்டுபிடிக்க உயிரோடிருக்கும் பேச்சு வேண்டும். சுவீடனைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென் 1910 முதல் 1912 வரை சீனாவில் வட்டார வழக்குகளைத் திரட்டி, ஜப்பானிய, கொரிய, வியட்நாமிய மொழிகள் கடன்வாங்கிய உச்சரிப்புகளோடு ஒப்பிட்டார். "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டு இத்தகைய வேலைக்கு நிதி மறுப்பது பெரிய தவறு என்பேன். ஒரு வட்டார வழக்கைக் கடைசியாகப் பேசியவர் போய்விட்டால், பிறகு எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் அந்த ஒலி கிடைக்காது.

இன்றைய சீனச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் காதால் ஒப்பிட்டு உறவு கொண்டாடுபவர்கள் இந்த மாற்றங்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங்கின் பயணக் குறிப்பு காஞ்சிபுரத்தை நான்கு எழுத்துகளில் பதிவுசெய்தது. பெய்ஜிங்கில் இன்று அதை 'ஜியென்-ஜி-பூ-லுவோ' என்று படிப்பார்கள். காஞ்சியின் ககரத்தைக் காணோம். சீனர் காதில் தவறாக விழுந்துவிட்டதா? அன்று அந்த முதல் எழுத்து ககரத்தில்தான் தொடங்கியது. பின்னால் வடக்கில் இகரத்துக்கு முன் வந்த ககரமெல்லாம் ஜகரம் போல மாறிவிட்டது. ஹாங்காங்கில் இன்றும் அந்த எழுத்தை 'கின்' என்றுதான் படிக்கிறார்கள்.